நல்லூர்: ஒருநாள் நடையிற் காணும் இராசதானி

ஈழத்துத் தமிழர் வரலாற்றிலே நல்லூர் சிறப்பிடம் பெறுவது. ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகராக விளங்கிய இவ்வூர், 1619ஆம் ஆண்டிலே சங்கிலி குமாரன் போர்த்துக்கேயர் கைப்பட்டதோடு தன் அரசியற் பெருமையை இழந்தது. எனினும், மக்கள் கூடும் இடம் என்னும் பெருமையை அது இழந்துவிடவில்லை. ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாளிலே கொடியேறி, ஆவணி அமாவாசையிலே தீர்த்தம் காணும் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் அதற்குச் சான்றாகும். அவ்விருபத்தைந்து நாள்களிலும் குடாநாட்டின் பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் தொண்டர்களாக வந்து சேர்கின்றனர். தண்ணீர்ப் பந்தலில் நீர் வார்ப்பதும், முதலுதவி செய்வதும், வீதிகளிலே நெரிசலை ஒழுங்கு செய்வதும் அவர்தம் பணிகள். பழைய இராசதானி ஒன்றின் நடுவிலே தாம் நிற்பதை அவர்களுட் பலர் உணர்வதில்லை. திருவிழா முடிந்தபின் அத்தகைய குழுவொன்று ஒருநாளை ஒதுக்கினால், அவ்விராசதானியின் எஞ்சிய அடையாளங்களைக் காலால் நடந்தே கண்டுவிடலாம். அவ்வாறு காணும்போது எவற்றை நம்பலாம், எவற்றை ஐயுறவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நல்லூரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் பிற்காலத்தவை. மாதகல் மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’ ஒல்லாந்தர் ஆட்சியின்போது, அரசு வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் எழுந்தது. முத்துராச கவிராயரின் ‘கைலாயமாலை’ நல்லூரின் தோற்றத்தைப் புகழ்ந்து பாடுவது. போர்த்துக்கேயர் படையெடுப்புகளை விரிவாக எழுதிய குவேறோஸ் பாதிரியார், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கோவாவிலிருந்து தம் நூலை எழுதினார். 1926இல் முதலியார் இராசநாயகமும், 1928இல் சுவாமி ஞானப்பிரகாசரும் இச்சான்றுகளை ஒப்புநோக்கி ஆய்வு நூல்களை வெளியிட்டனர். சிங்கைநகர் என்று வழங்கியது நல்லூர்தானா, வேறோர் ஊரா என்பதில்கூட அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். ஆகவே ஏடுகளை மட்டும் கொண்டு நகரை மீட்க இயலாது. நிலத்தையும் படித்தல் வேண்டும்.

நிலம் தரும் முதற்சான்று திசைக்கோயில்களாகும். நகரின் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், தெற்கே கைலாயநாதர், வடக்கே சட்டநாதர் என நான்கு திசைகளிலும் காவற்கோயில்கள் அமைக்கப்பட்டன என்பது வைபவமாலை கூறும் செய்தி. அப்பெயர்களைத் தாங்கிய கோயில்கள் இன்றும் நல்லூர்ப் பகுதியிலே வழிபாட்டிலுள்ளன. காலையில் வீரமாகாளியம்மன் கோயிலிலே தொடங்கி நாற்றிசைக் கோயில்களையும் சுற்றிவரும் ஒருவர், பழைய நகரின் பரப்பைத் தம் காலடிகளாலேயே அளந்தவராவார். ஒரு முற்பகலுக்குள் அடங்கும் இச்சுற்று, அந்நகர் எவ்வளவு சிறியது, ஆயினும் எவ்வளவு திட்டமிட்டு வகுக்கப்பட்டது என்பதை நன்கு உணர்த்தும். ஆயினும் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். இன்று காணும் கட்டடங்கள் அரசர் காலத்தவை அல்ல. போர்த்துக்கேயர் கோயில்களை இடித்தபின், பிற்காலத்தில் மீண்டும் எழுந்தவை. ஒவ்வொன்றும் பழைய அடிநிலத்திலேதான் எழுந்ததா என்பது தனித்தனியே ஆராயற்பாலது. கட்டடம் பழையதன்று, திசையும் பெயருமே பழையவை.

இவ்வுண்மை கந்தசுவாமி கோயிலுக்கும் பொருந்தும். கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் பொருட்டு 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாளே இக்கோயிலைக் கட்டுவித்த புவனேகபாகு என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். வைபவமாலையோ அப்பெயருடையவனை முதல் ஆரியச்சக்கரவர்த்தியின் அமைச்சனாகக் காட்டும். எவ்வாறாயினும், அப்பழங்கோயில் 1621ஆம் ஆண்டிலே பிலிப் டி ஒலிவேறாவின் ஆணைப்படி இடித்தழிக்கப்பட்டது. இன்றைய கோயில் குருக்கள் வளவு எனப்பட்ட நிலத்திலே, ஒல்லாந்தர் காலமாகிய பதினெட்டாம் நூற்றாண்டில் மாப்பாண முதலியார் மரபினரால் எழுப்பப்பட்டது. முத்திரைச் சந்தியை அடுத்துள்ள பரி. யாக்கோபு ஆலயப் பகுதியையே பழைய கோயில் நின்ற இடமாக மரபு காட்டுகின்றது. 1818இலே யோசப் நைற் பாதிரியார் நல்லூரிலே ஆங்கிலத் திருச்சபையின் பணியைத் தொடங்கினார். முருகன் கோயில் நின்றதாகக் கருதப்படும் நிலத்திலே இன்று கிறித்தவர் வழிபடுகின்றனர். சைவர் சற்றே அப்பால் வழிபடுகின்றனர். அழிவின் நினைவு இருக்கவும், இரு சமயத்தவரும் அயலவராக வாழ்வது யாழ்ப்பாணச் சமூகத்தின் இயல்பை விளக்குவதாகும்.

ஆலயத்தின் அயலிலே யமுனா ஏரி உள்ளது. ‘ப’ என்னும் தமிழெழுத்தின் வடிவிலே, கல்லாற் படிகட்டி அமைந்த இக்கேணி, யமுனை நதியின் தீர்த்தம் கொணர்ந்து சொரியப்பட்டமையால் இப்பெயர் பெற்றதென்பர். வற்றாத ஆறுகள் இல்லாத குடாநாட்டிலே நீர் என்பது மழை தந்து, சுண்ணாம்புக்கற் படை தாங்கி வைத்திருக்கும் நிலத்தடிச் செல்வம். அத்தகைய நாட்டிலே அரசிருக்கையின் அயலிற் கேணி தோண்டுதல் புண்ணியச் செயல் மாத்திரமன்று, ஆட்சித் தேவையுமாகும். மாளிகை மறைந்தும் கேணி எஞ்சியதற்குக் காரணமும் எளியது. இடித்துச் சுமந்து செல்லத்தக்க சுவர் அதற்கில்லை.

நண்பகலுக்குப் பின் பருத்தித்துறை வீதியிற் செல்வோர் இரு கட்டடங்களைக் காண்பர். ஒன்று சங்கிலியன் தோப்பு வளைவு, மற்றையது மந்திரிமனை. முன்னதை அரண்மனை வாயிலென்றும், பின்னதை அரசனின் அமைச்சர் இல்லமென்றும் மக்கள் பெருமையோடு சுட்டுவர். ஆனால் வளைவின் சாந்து வேலைப்பாடும் தூண் அமைப்பும் ஐரோப்பியர் காலக் கட்டடக்கலையின் சாயலைக் காட்டுகின்றன. மந்திரிமனையின் மரவேலைப்பாட்டிலே உள்ளூர்த் தச்சரின் கைத்திறன் விளங்கினும், அதன் பொது அமைப்பு ஒல்லாந்தர் காலத்தையோ அதற்குப் பிற்பட்ட காலத்தையோ சார்ந்ததென்பது ஆய்வாளர் கருத்து. இவ்வாறு கூறுவது அக்கட்டடங்களின் மதிப்பைக் குறைப்பதாகாது. அரசர் நின்ற நிலத்திலே பின்வந்தோர் எழுப்பியவை என்ற வகையிலும், அரசு அழிந்தபின் நல்லூரில் வாழ்க்கை தொடர்ந்தமைக்குச் சான்று என்ற வகையிலும் அவை பேணற்குரியனவே. பொய்யான பழமையைச் சாட்டிப் பெறும் பெருமை, ஒரு நாள் ஆராய்ச்சியின் முன் நில்லாது. உண்மையான பழமையும் அன்று அதனோடு சேர்த்து ஐயுறப்படும்.

அவ்வாறாயின் அரசர் காலத்து மாளிகைகள் எங்கே என்ற வினா எழும். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரை இங்கு ஒப்புநோக்கலாம். 1191இலே நிறுவப்பட்ட அந்நகர் 1405இலே பெருந்தீயால் எரிந்தது. மரத்தாலான நகரை அம்மக்கள் மணற்கல்லால் மீளக் கட்டினர். அந்நகரின் வரைபடமும் கல்மண்டப வீதிகளும் தொடர்ந்து காக்கப்பட்டமையால், 1983இலே அது உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நல்லூரிலோ கல்லின் பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கருங்கல் இல்லை. கிடைப்பவை சுண்ணாம்புக்கல்லும் கடலோர முருகைக்கல்லுமே. இல்லங்கள் பெரும்பாலும் மண்ணாலும் பனைமரத்தாலும் ஓலையாலும் அமைந்தவை. அவை காலத்தால் மண்ணோடு மண்ணாகும். அருமையாகக் கிடைத்த கல்லோ கோயிலிலும் அரசிருக்கையிலும் மாத்திரம் குவிந்திருந்தது. புதிய ஆட்சியாளருக்குக் கோட்டை கட்டக் கல் தேவைப்பட்டபோது, கைக்கெட்டிய கற்சுரங்கம் நல்லூரேயாயிற்று.

ஆதலின் இந்நடை நல்லூரில் முடிதல் கூடாது; மாலையிலே தென்மேற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் சென்று, யாழ்ப்பாணக் கோட்டையிலே முடிதல் வேண்டும். ஒலிவேறா அரசிருக்கையை நல்லூரிலிருந்து கடலேரிக் கரைக்கு மாற்றினான். கடலாற் படையும் உணவும் பெறவேண்டியவர்களுக்கு உள்நாட்டுத் தலைநகர் உதவாது என்பதே அதற்குக் காரணம். 1658இலே கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை ஐங்கோண வடிவிலே திருத்திக் கட்டினர். 1795இலே அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1990ஆம் ஆண்டு முற்றுகையின்போது கோட்டை பெருஞ்சேதமுற்றது. உள்ளிருந்த 1706ஆம் ஆண்டின் ஒல்லாந்தத் தேவாலயமும் போர்க்காலத்திலே அழிந்தது. பின்னர்ப் புனரமைப்புப் பணிகளும் அகழாய்வுகளும் இடம்பெற்றன. 2017 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மத்திய கலாசார நிதியமும் இங்கிலாந்தின் டேர்காம் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய அகழாய்விலே, ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட மட்கலங்களும் சீனப் பீங்கானும் வெளிப்பட்டன. கோட்டையின் அடியிலும் முன்னோர் வாணிபத் துறை ஒன்று உறங்கியது இதனாற் புலனாகும். நல்லூரின் கல் எங்கே என்று வினவுவோர் அக்கோட்டைச் சுவரைப் பார்க்கலாம்.

கல் இடம் பெயர்ந்தது. பெயர்கள் இடம் பெயரவில்லை. பண்டாரவளவு, பண்டாரக்குளம், சங்கிலியன் தோப்பு, குருக்கள் வளவு, முத்திரைச் சந்தி முதலான பெயர்கள் நல்லூர்ப் பகுதியிலே நெடுங்காலமாக வழங்குவன. ‘பண்டாரம்’ என்பது அரச குலத்தவரின் பட்டப்பெயர் என்பதை நினைத்தால், ஒரு காணிப் பெயரே கல்வெட்டின் பணியைச் செய்வதை உணரலாம். வ. ந. கிரிதரன் ‘நல்லூர் இராஜதானி: நகர அமைப்பு’ என்னும் நூலிலே இத்தகைய நிலப்பெயர்களையும் எஞ்சிய சின்னங்களையும் கொண்டு நகரின் அமைப்பை ஊகித்துணர முயன்றமை பாராட்டுக்குரியது. எனினும் காணிகள் பங்கு பிரிக்கப்படுகின்றன. உரித்தாளர் புலம்பெயர்ந்து செல்கின்றனர். உறுதிகளில் இலக்கங்கள் பெயர்களின் இடத்தைப் பெறுகின்றன. பெயரை அறிந்த முதியோர் மறையுந்தோறும் நல்லூரின் ஒரு பகுதி மறைகின்றது.

நல்லூர் அரசர் சரசுவதி மகாலயம் என்னும் ஏட்டுச்சாலையைப் பேணினர் என்று மரபு கூறும். அரச குடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரி தமிழில் ‘இரகுவம்மிசம்’ பாடினார். அவ்வேட்டுச்சாலை இன்றில்லை. 1981இலே யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எழுதி வைத்ததையே இழந்த சமூகம் ஒன்று, இன்னும் எழுதப்படாது முதியோர் நாவில் மாத்திரம் வாழ்வதை வாளா விடுதல் தகாது.

திருவிழாத் தொண்டர்களுக்கு உரிய வேறொரு தொண்டு இங்கே காத்திருக்கின்றது. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு வரைபடமும் ஒரு குறிப்பேடும் போதும். ஒவ்வொரு காணியின் பெயரையும், அதனைச் சொன்னவர் கூறும் காரணத்தையும், சொல்லப்பட்ட நாளையும் குறித்து வைத்தல் வேண்டும். கேட்டது எது, கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்தெழுதுதல் இன்றியமையாதது. பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் அக்குறிப்புகளைத் திரட்டிப் பாதுகாத்தால், இடிக்கவோ சுமந்து செல்லவோ இயலாத நல்லூர் ஒன்று வருங்காலத்தவர் கைக்குச் சேரும்.