சுதந்திர மாநிலம் தேடிச் சென்றோர்

மக்கள் ஊர்விட்டு ஊர் செல்வதற்கு வரலாறு பல காரணங்களைக் காட்டுகின்றது. பஞ்சம், போர், கடன், சமயக் கொடுமை, கூலி என்பன அவற்றுள் தலையாயன. இவற்றுள் எதனாலும் விரட்டப்படாது, ஒரு கொள்கையின் பொருட்டு மட்டுமே வீட்டை விற்று, தொழிலைத் துறந்து, முன்பின் அறியாத மாநிலமொன்றிற் குடியேறுவோர் மிகச் சிலர். அவ்வாறு குடியேறி அம்மாநிலத்தின் வாக்குப் பெட்டியையே தம்வயப்படுத்த முனைந்தோர் இன்னும் சிலர். ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றில் இத்தகைய இரு முயற்சிகளை நாம் இங்கு ஆராய்தல் தகும். ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் நிகழ்ந்த அவ்விரண்டிலும் முழக்கம் ஒன்றே. ‘சுதந்திர மாநிலம்’ என்பதே அது.

பிந்தியதை முதலிற் கூறுவோம். 2001ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், யேல் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஜேசன் சோரன்ஸ் என்பார் ஒரு கட்டுரை வெளியிட்டார். அரசின் கடமை உயிரையும் உடைமையையும் காப்பதோடு முடிந்துவிட வேண்டும், வரியும் சட்டமும் இயன்றவரை ஒழிய வேண்டும் என்பது அவர் சார்ந்த கூட்டத்தாரின் கொள்கை. தம்மை ‘லிபர்ட்டேரியன்’ என அழைத்துக்கொள்ளும் இவர்களைத் தமிழில் நாம் தனிச்சுதந்திரவாதிகள் எனலாம். நாடெங்கும் சிதறிக் கிடந்தமையால் தேர்தல் தோறும் தோல்வியே கண்ட அவர்களுக்குச் சோரன்ஸ் சொன்ன வழி மிக எளியது. இருபதினாயிரம் பேர் சிறியதொரு மாநிலத்திற் கூடிக் குடியேறினால் அங்கு தாமே ஒரு வலிமையாகலாம் என்றார் அவர். ஐயாயிரம் பேர் கையொப்பமிட்டபின், 2003இல் பத்து மாநிலங்களை முன்வைத்து அவர்களிடையே வாக்கெடுப்பு நடைபெற்றது. வயோமிங் இரண்டாமிடம் பெற, வடகிழக்கு மூலையிலுள்ள நியூ ஹம்ப்ஷயர் தெரிவாயிற்று. ‘சுதந்திர மாநிலத் திட்டம்’ என்பது இயக்கத்தின் பெயர். முள்ளம்பன்றி அதன் சின்னம். தீண்டாதவரைத் தானும் தீண்டாத பிராணி என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இப்பெயரை அவர்கள் எங்கிருந்து பெற்றனரோ, அமெரிக்க வரலாற்றை அறிந்தோர்க்கு அது கன்சாசையே நினைவூட்டும்.

1854இல் அமெரிக்கக் கொங்கிரஸ் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தை நிறைவேற்றியது. புதிய பிரதேசத்தில் அடிமை முறை இருப்பதா, ஒழிவதா என்பதை அங்கு குடியேறுவோரே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும் என்று அச்சட்டம் விட்டுவிட்டது. எனவே எத்தரப்பார் முந்திக் குடியேறுகின்றனர் என்பதே வினாவாயிற்று. மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஈலை தேயர் என்பார் குடியேறுவோருக்கு உதவும் கம்பனியொன்றை அமைத்தார். ‘சுதந்திர மாநிலம்’ என்ற தொடர்க்கு அன்றிருந்த பொருள் ஒன்றே. அடிமையில்லாத மாநிலம் என்பதே அது. அக்கம்பனி அனுப்பியோர் நிறுவிய நகருக்கு லோரன்ஸ் என்று பெயரிட்டனர். அப்பெயர் கம்பனிக்குப் பெரும்பொருள் ஈந்த ஏமொஸ் லோரன்சினுடையது. அவருடைய குடும்பச் செல்வமோ துணி ஆலைகளால் வந்தது. அவ்வாலைகளுக்குப் பருத்தி தெற்கின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்தது. வரலாற்றின் முரண்பாடு இவ்வாறுதான் தொழிற்படுகின்றது.

அடிமையுடைமையாளர் வாளாவிருந்தாரல்லர். 1855 பெப்ரவரியில் எடுத்த குடிக்கணக்கின்படி கன்சாசில் வாக்குரிமை உடையோர் 2,905 பேர். அடுத்த மாதம் 30ஆந் தேதி நடைபெற்ற தேர்தலில் அளிக்கப்பட்ட வாக்குகளோ 6,307. அயலிலுள்ள மிசூரியிலிருந்து ஆயுதந்தாங்கி வந்த கூட்டத்தார் வாக்களித்துவிட்டு வீடு திரும்பினர். 1856 மே மாதத்தில் லோரன்ஸ் நகர் சூறையாடப்பட்டது. கம்பனி கட்டிய ‘சுதந்திர மாநில’ விடுதி எரிந்து சாம்பலாயிற்று. குருதி சிந்திய பல ஆண்டுகளின் பின், 1861 ஜனவரி 29இல் கன்சாஸ் அடிமையற்ற மாநிலமாக ஒன்றியத்திற் சேர்ந்தது.

இக்குடியேறிகளைத் தெய்வங்களாக்கி வணங்கவேண்டியதில்லை. அவர்கள் 1855இல் டொப்பேக்காவில் வகுத்த அரசியலமைப்போடு, கறுப்பின மக்களை மாநிலத்துள் நுழையவிடாது தடுக்கும் ஏற்பாடொன்றும் வாக்குக்கு விடப்பட்டுப் பெரும்பான்மையால் ஏற்கப்பட்டது. அடிமைத்தளையை வெறுத்தவர் அனைவரும் அடிமைப்பட்டவனை அயலவனாக ஏற்க விரும்பினரல்லர். எனினும் ஒன்றை நாம் மனங்கொள்ளல் வேண்டும். அவர்கள் கேட்ட சுதந்திரம் மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருக்கும் உரிமைக்கு எதிரானது. உடைமையின் எல்லையைக் குறுக்குவதே அங்கு சுதந்திரமாயிற்று. நியூ ஹம்ப்ஷயருக்குச் சென்றவர்களோ உடைமைக்கு எல்லையே கூடாது என்பதைச் சுதந்திரம் என்கின்றனர். ஒரே தொடர் ஒன்றரை நூற்றாண்டில் தலைகீழாக நிற்கின்றது.

தொடர் மட்டுமன்று, அவர்கள் பூண்டுள்ள பெயரும் அவ்வாறே இடம் மாறிய ஒன்றாகும். ‘லிபர்ட்டேர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லை அரசியற் பொருளில் முதன்முதல் வழங்கியவர் ஜோசப் தெஜாக். இவர் சுவருக்கு வண்ணத்தாள் ஒட்டிப் பிழைத்த தொழிலாளி. 1848ஆம் ஆண்டுப் புரட்சியிற் கலந்து, பின்னர் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தவர். 1857இல் நியூ ஓர்லியன்சிலிருந்து புரூதோனுக்கு எழுதிய கடிதமொன்றில், பெண்களை அடக்கிவைக்க விரும்புவோர் தம்மைச் சுதந்திரத்தின் நண்பரென்பது பொருந்தாது எனக் கண்டித்தபோது அவர் இச்சொல்லை ஆண்டார். அடுத்த ஆண்டு நியூ யோர்க்கில் அதே பெயரில் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். முதலாளிக்கும் எசமானுக்கும் எதிராகத் தொழிலாளி ஆக்கிய சொல், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே தனியுடைமையின் காவலர் கைக்குச் சென்றது. எதிரியின் சொல்லைத் தம்மவர் கைப்பற்றிய செய்தியை அவர்களுள் முதன்மையானவரான மரி ரொத்பார்ட் பெருமையோடு எழுதியுமிருக்கிறார். சொற்களும் சூறைப் பொருள்களே போலும்!

தனிமனித சுதந்திரத்தின் பேரால் அமெரிக்காவிற் குடியேற்றம் அமைத்தவர் முன்னரும் இருந்தனர். அவர்களுள் ஜோசையா வாரன் நம் கவனத்திற்குரியவர். 1825இல் றொபேட் ஓவன் இந்தியானா மாநிலத்தில் நடத்திய நியூ ஹார்மனி என்னும் பொதுவுடைமைக் குடியிருப்பில் இவர் சேர்ந்தார். அது இரண்டாண்டிற் குலைந்தது. பொதுவுடைமை தனிமனிதனை நசுக்கிற்று என்பது வாரன் கண்ட முடிவு. இம்முடிவோடு நாம் உடன்படவேண்டியதில்லை. ஆனால் அதன்பின் அவர் செய்தது யாது? 1827இல் சின்சினாற்றி நகரில் ஒரு கடை திறந்தார். பொருளை வாங்கிய விலைக்கே விற்றார். அதனை எடுத்துக் கொடுக்கத் தமக்குச் சென்ற நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிட்டு, அந்நேரத்துக்கு ஈடாக வாங்குவோனின் உழைப்பு நேரத்தைக் குறிக்கும் சீட்டைப் பெற்றார். உழைப்பின் செலவுக்கு மேல் விலை செல்லலாகாது என்பதே அவர் கோட்பாடு. 1851இல் லோங் ஐலண்டில் அவர் தோழரோடு அமைத்த ‘நவகாலம்’ என்ற ஊரும் இக்கோட்பாட்டின் மேலேயே எழுந்தது. அரசை வெறுத்த அம்மனிதர் இலாபத்தையும் வெறுத்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் ஒழிக்க அவர் எண்ணினாரல்லர். அவருடைய கடிகாரம் நியூ ஹம்ப்ஷயர்க்காரரின் வீடுகளிற் காணப்படுவதில்லை.

நியூ ஹம்ப்ஷயர் அவர்களைக் கவர்ந்தது ஏன்? பொதுவான வருமான வரியும் விற்பனை வரியும் அங்கில்லை. ‘சுதந்திரமாய் வாழ், அன்றேல் மடி’ என்பது 1945 முதல் மாநிலத்தின் அதிகாரபூர்வமான வாசகம். யாவற்றுக்கும் மேலாக, ஏறக்குறைய பதினான்கு இலட்சம் மக்களைக் கொண்ட அம்மாநிலத்தின் கீழ்ச்சபையில் 400 உறுப்பினர் உளர். சில நூறு வாக்குகள் ஓர் ஆசனத்தைப் பெயர்க்கக் கூடியன. உறுப்பினரின் சம்பளம் 1889ஆம் ஆண்டு தொட்டு ஆண்டுக்கு நூறு டொலர் மட்டுமே. இதனைச் சிலர் எளிமை என்று புகழ்வர். நூறு டொலருக்குச் சபையில் அமரக் கூடியவர் யார்? ஓய்வூதியக்காரரும் வேறு வருவாய் உடையோருமேயன்றி, நாட்கூலிக்கு உழைப்பவர் அல்லர். மாநிலம் விட்டு மாநிலம் சென்று கொள்கைக்காக வாழ்வதற்கும் இதே தகுதிதான் வேண்டும். விற்பதற்கு வீடும், எங்கும் கொண்டுசெல்லத்தக்க தொழிலும் இருத்தல் வேண்டும்.

இருபதினாயிரமாவது கையொப்பம் 2016 பெப்ரவரியிற் கிட்டியது. அப்போது உண்மையில் இடம்பெயர்ந்திருந்தோர் ஏறக்குறைய இரண்டாயிரவரே. தொகை சிறிதாயினும் சபையில் அவர்கள் செல்வாக்குச் சிறிதன்று. அவ்வாறு குடிபெயர்ந்த ஒருவர் 2021ஆம் ஆண்டுச் சபையிற் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராகவே விளங்கினார். வட்டிக்கும் பங்கிலாபத்துக்கும் இருந்த வரி 2025 தொடக்கத்தில் ஒழிந்தது. இதற்கு அவர்கள் மட்டுமே காரணர் அல்லர். மாநிலத்திற் பழைய வேர்கொண்ட வரிவெறுப்பு அவர்களுக்கு முன்னரே அங்கிருந்தது. ஒன்றியத்திலிருந்து பிரியும் தீர்மானமொன்று 2022 மார்ச்சில் சபைக்கு வந்தபோது மட்டும் 13 பேர் ஆதரிக்க 323 பேர் எதிர்த்துத் தோற்கடித்தனர்.

கிராப்ற்றன் என்னும் சிற்றூரின் கதை பலர் அறிந்தது. இயக்கத்தின் நேர்ப்பொறுப்பின்றி, அதன் சார்பினர் சிலர் 2004இல் அவ்வூரையே தம் கொள்கைக்கு உரைகல்லாக்கத் துணிந்தனர். ஊர்ச்சபைச் செலவுகள் ஆண்டுதோறும் வெட்டப்பட்டன. காட்டுக் கரடிகள் ஊருக்குள் துணிந்து வரலாயின. இதனை மத்தியூ ஹொங்கோல்ற்ஸ்-ஹெற்லிங் 2020இல் வெளியிட்ட நூலொன்று விரிக்கின்றது. பத்திரிகைகள் கரடியைப் பெரிதாக்கி நகைத்தன. எமக்குக் கரடியினும் அவ்வூரில் அணைந்த தெருவிளக்குகளே பெரிதாகத் தோன்றுகின்றன.

ஆசிரியராகிய எமக்கு இவை யாவற்றினும் நெருங்கியது குரொய்டன் ஊரின் செய்தி. அங்கு வாழ்வோர் சுமார் எண்ணூறு பேர். இளஞ்சிறார்க்கு ஒரு சிறு பள்ளி உண்டு. நாலாம் வகுப்புக்கு மேற்பட்டோர் அயலூர்ப் பாடசாலைகளுக்குச் செல்வர். அவர்களுக்கான கட்டணத்தை ஊர் செலுத்தும். அப்பணம் பெரும்பாலும் நிலத்தின் மீதும் வீட்டின் மீதும் விழும் வரியால் வருவது. நியூ ஹம்ப்ஷயரில் வருமான வரி இல்லை என்ற பெருமைக்குள் மறைந்திருக்கும் உண்மை இதுவே. செல்வர் வாழும் ஏரிக்கரை ஊர் குறைந்த வீதத்தில் நிறைந்த பணம் திரட்டும். ஆலை மூடிய ஊர் கூடிய வீதம் விதித்தும் குறைவாகவே திரட்டும். 1993இலும் 1997இலும் கிளேர்மொண்ட் வழக்கில் மாநில உயர் நீதிமன்றம், தகுந்த கல்வியளித்தல் மாநிலத்தின் கடமையென்றும் ஊருக்கு ஊர் வேறுபடும் வரியில் அதனைத் தொங்கவிடுதல் தகாதென்றும் தீர்ப்பளித்த பின்னரும் சுமை பெரிதும் ஊர்களின் தோளிலேயே கிடந்தது.

2022 மார்ச்சில் குரொய்டன் மக்கள் பாடசாலைச் செலவுத் திட்டத்தை ஏற்க ஆண்டுக் கூட்டம் கூடினர். மக்கள் என்றோம், வந்திருந்தோர் முப்பத்து நால்வர். ஏறக்குறைய பதினேழு இலட்சம் டொலர்த் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, இயக்கத்தைச் சார்ந்த ஊர்ச்சபை உறுப்பினர் ஒருவர் எழுந்து எட்டு இலட்சமே போதும் எனத் திருத்தம் மொழிந்தார். இருபதின்மர் ஆதரித்தனர், பதினால்வர் எதிர்த்தனர். பாதிக்கு மேல் போயிற்று. ஒரு மாணவருக்குப் பத்தாயிரம் டொலர் என்பது அவர் கணக்கு. அயலூர்ப் பாடசாலைகள் கேட்கும் கட்டணமோ அதற்கு மிக மேற்பட்டது. எஞ்சியதைப் பெற்றோர் தாமே கட்டலாம், அன்றேல் மலிவான வேறு கல்விமுறையைத் தேடலாம். தெரிவு சுதந்திரம் என்பது இதுவாம். பணமில்லாத தந்தைக்கு இத்தெரிவில் எஞ்சுவது ஒன்றே என்பதை விளக்க நாம் அதிகம் எழுதவேண்டியதில்லை.

சூழ்ச்சியோ சட்டமீறலோ அங்கு நிகழவில்லை. மிசூரியிலிருந்து எவரும் துப்பாக்கியோடு வரவுமில்லை. வந்திருந்த முப்பத்து நால்வர்க்கும் அவ்வுரிமை இருந்தது. வராத ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வாக்காளரின் கவனமின்மையே இருபது பேரைப் பெரும்பான்மையாக்கிற்று. இருபதினாயிரம் பேர் ஒரு மாநிலத்தை மாற்றலாம் என்று 2001இல் சோரன்ஸ் எழுதியபோது அவர் எண்ணியிருந்த பொறியும் இதுவே. அவர்களிடம் நாம் காணும் ஒழுங்கும் விடாமுயற்சியும் போற்றற்குரியன என்பதை ஒப்புக்கொள்ளாதிருக்க முடியாது. சலிப்பூட்டும் ஊர்க்கூட்டங்களுக்கு அவர்கள் தவறாது செல்கின்றனர். பொதுப் பள்ளியை விரும்புவோரோ, அது என்றும் இருக்கும் என நம்பி வீட்டிலிருந்துவிடுகின்றனர்.

குரொய்டன் மக்கள் வீட்டிலிருந்து வெளியே வந்தனர். பெற்றோரும், பிள்ளைகள் வளர்ந்து சென்றுவிட்ட முதியோரும், கட்சி வேறுபாடின்றி வீடு வீடாகச் சென்றனர். முடிவை மாற்றச் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். ஆனால் பதிவான வாக்காளர் 565 பேருள் பாதிப் பேராவது நேரில் வந்தாலன்றி அது செல்லாது. அதாவது 283 பேர் வேண்டும். வராதிருப்பதும் அன்று வெட்டுக்கு அளித்த வாக்கேயாகும். 2022 மே 7இல் கூட்டத்துக்கு வந்தோர் 379 பேர். பழைய செலவுத் திட்டத்தை மீட்க 377 பேர் வாக்களித்தனர், எதிர்த்தவர் இருவர். மார்ச்சில் வெட்டை ஆதரித்த இருபதின்மருள் ஏனையோர் வராது நின்றனரா, மனம் மாறினரா என்பதைக் கணக்கு சொல்லவில்லை.