தந்தைக்கென ஒதுக்கிய மாதம்: சுவீடனில் பெற்றோர் விடுப்பின் வரலாறு

1974இல் சுவீடன் மகப்பேறு விடுப்பைக் கைவிட்டு, தாய் தந்தை இருவருக்கும் பொதுவான பெற்றோர் விடுப்பைக் கொண்டுவந்தது. உலகில் இதைச் செய்த முதல் நாடு அதுவே. ஆறு மாத விடுப்பு; ஊதியத்தில் 90 விழுக்காடு; யார் எத்தனை நாள் எடுப்பது என்பது தம்பதியின் விருப்பம். ஆனால் தொடக்க ஆண்டில் எடுக்கப்பட்ட நாட்களில் ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கையில் இருந்த உரிமையை ஆண்கள் ஏன் தொடவில்லை?

சட்டம் பிறந்த சூழல் முதலில். 1960களில் சுவீடனின் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. திருமணமான பெண்கள் வேலைக்கு வரவேண்டிய தேவை இருந்தது. 1961இல் எவா மோபெர்க் எழுதிய கட்டுரை, வீட்டுப் பொறுப்பும் பிள்ளை வளர்ப்பும் பெண்ணுக்கே உரியவை என்ற எண்ணத்தைக் கடுமையாகச் சாடியது. 1970இல் பிரதமர் ஓலோஃப் பால்மே வாஷிங்டனில் ஆணின் விடுதலையைப் பற்றியே உரையாற்றினார். ஆனால் இந்த விவாதங்களைவிட, கணவன் மனைவி வருமானத்துக்குத் தனித்தனியே வரி விதித்த 1971ஆம் ஆண்டுச் சீர்திருத்தமே வலுவானது என்பேன். அதுவரை மனைவியின் சம்பளம் கணவனுடையதோடு சேர்க்கப்பட்டு உயர் விகிதத்தில் வரிக்குப் போனது. இப்போது அவள் வேலைக்குப் போவது குடும்பத்துக்குக் கட்டுப்படியானது.

தந்தையை வீட்டுக்கு அழைத்துவர அரசு முதலில் நம்பியது பிரச்சாரத்தை. 1970களின் பிற்பகுதியில் வெளியான சுவரொட்டியில் பளுதூக்கும் வீரர் லென்னார்ட் டால்கிரென் கைக்குழந்தையோடு சிரித்தார். சுவரொட்டி புகழ்பெற்றது, கணக்கு மெதுவாகவே நகர்ந்தது. காரணம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. நாட்களைத் தாய்க்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. பெரும்பாலான வீடுகளில் கணவன் சம்பளமே அதிகம். உதவித்தொகைக்கோ உச்சவரம்பு உண்டு. அவன் வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு நட்டம். முதலாளியும் ஆண் விடுப்புக் கேட்பான் என்று எதிர்பார்க்கவில்லை.

1993இல் நார்வே நான்கு வாரங்களைத் தந்தைக்கென்றே ஒதுக்கியது. தாராளவாதக் கட்சித் தலைவரும் சமூகநல அமைச்சருமான பெங்ட் வெஸ்டர்பெரி முன்னின்று கொண்டுவந்த ஏற்பாட்டால் 1995இல் சுவீடனும் ஒரு மாதத்தை ஒதுக்கியது. எடுக்காவிட்டால் அந்த மாதம் வீண். குடும்ப விவகாரத்தில் அரசு தலையிடலாமா என்று எதிர்ப்பு கிளம்பியது. தனிமனிதச் சுதந்திரம் பேசும் கட்சியே இதைச் செய்தது வேடிக்கைதான். ஆனால் விளைவு உடனே தெரிந்தது. 1995 சனவரி முதல் நாளுக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்த குழந்தைகளின் தந்தையரை ஒப்பிட்ட ஆய்வில், விடுப்பே எடுக்காதவர் பங்கு பாதிக்கு மேலிருந்து ஐந்தில் ஒன்றுக்கும் கீழே சரிந்திருந்தது. 2002இல் இரண்டாவது மாதமும் 2016இல் மூன்றாவது மாதமும் சேர்ந்தன. இடையில், 2008இல், விடுப்பைப் பகிர்ந்துகொண்டோருக்குப் பண ஊக்கம் அறிவிக்கப்பட்டது. அது எதையும் பெரிதாக மாற்றவில்லை; கைவிடப்பட்டது.

இன்று ஆண்கள் எடுப்பது மொத்த நாட்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு. அதிலும் கோடை மாதங்களுக்கும் கிறிஸ்துமசுக்கும் தனி ஈர்ப்பு உண்டு. குழந்தையைப் பார்க்கும் விடுப்பு எது, விடுமுறை எது என்று பிரிப்பது கடினம். 1995ஆம் ஆண்டுக் குழந்தைகளைத் தொடர்ந்த அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது வேலைக்குப் போகாமல் வீட்டில் தங்குவதில், கூடுதல் விடுப்பு எடுத்த தந்தையரின் பங்கு மற்றவர்களைவிட உயரவில்லை.