கரகரப்பின் வரலாறு: ஃபஸ் பெட்டியும் தப்பும்

இலங்கைப் புகையிரதப் பாதையில் மிக உயரத்தில் அமைந்த நிலையம் பட்டிப்பொல ஆகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரில் மாலையாகுமுன்பே மூடுபனி இறங்கிவிடும். தோட்டத்துக் கோயில் திருவிழாவின்போது தப்படிப்போர் அடிக்கொருதரம் நெருப்பருகே சென்று தோலைக் காய்ச்சுவது அங்கு வழக்கமான காட்சி. ஈரம் ஏறிய தோல் தளர்ந்துவிடும். அனலில் காட்டினால்தான் மீண்டும் விறைத்து ஓசை தரும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய திருவிழா ஒன்றில், தப்பு ஓய்ந்தபின் இளைஞர் இசைக்குழு ஒன்று மேடையேறியது. மின்கிற்றார் வாசித்தவர் தம் காலடியிலிருந்த சிறு பெட்டியொன்றை மிதித்தார். அதுவரை தெளிவாக ஒலித்த தந்தி, தொண்டை கட்டியவன் உரத்துக் கத்துவது போலக் கரகரத்தது. என் அருகே நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, ஸ்பீக்கரு கிழிஞ்சி போச்சுப்பா, நிப்பாட்டச் சொல்லு" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பின்னர் அப்பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், பெரியவர் கூறியது நகைப்புக்குரியதன்று என்பது புலப்பட்டது. அந்த ஓசை உண்மையிலேயே கிழிந்த ஒலிபெருக்கியிலும் பழுதுபட்ட கருவியிலும் பிறந்ததாகும். பழுது எவ்வாறு பண்பாயிற்று, யாருடைய கரகரப்பு இசையென்றும் யாருடையது இரைச்சலென்றும் பெயர் பெற்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1958ஆம் ஆண்டு அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லிங்க் ரே 'றம்பிள்' என்ற இசைத்துண்டை வெளியிட்டார். மேடையில் கிடைத்த முரட்டு ஒலி ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடைக்காமற்போகவே, ஒலிபெருக்கியின் கூம்பில் அவர் துளையிட்டார். அவ்விசையில் சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும் அது இளைஞரைச் சண்டைக்குத் தூண்டும் என்றஞ்சிச் சில வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்ப மறுத்தன. 1964இல் இலண்டனில் 'கிங்க்ஸ்' குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் தமது ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகினாற் கீறி, அதே வகை ஓசையைப் பெற்றார். பட்டிப்பொலப் பெரியவர் செவியால் அறிந்தது இதுவே.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடமொன்றில் மற்றொரு விபத்து நிகழ்ந்தது. 1961இல் வெளிவந்த மார்ட்டி றொபின்ஸின் 'டோன்ட் வொறி' என்ற பாடலைப் பதிவுசெய்தபோது, கிறேடி மார்ட்டின் வாசித்த கிற்றாரின் ஒலி, பழுதடைந்த கருவிப் பகுதியொன்றினூடாகச் சென்று கரகரத்துப் பதிவாயிற்று. அதனை அழித்து மீளப் பதிவுசெய்திருக்கலாம். அவ்வாறு செய்யாது விட்டனர். பாடல் புகழ் பெற்றது. பிற கலைஞரும் அந்த ஓசையைக் கேட்டு வரத்தொடங்கவே, ஒலிப்பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்னொடி அப்பழுதைத் திரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் மின்சுற்றொன்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதனை 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. காலால் மிதித்து இயக்கும் ஃபஸ் பெட்டியின் வணிக வரலாறு இதனோடு தொடங்குகிறது.

அப்பெட்டி செய்யும் வேலை எளியது. தந்தியின் அதிர்வு மின்னலையாக மாறி உள்ளே வருகிறது. திரான்சிஸ்டர் தன்னாற் தாங்கக்கூடிய எல்லைக்கு மேல் அவ்வலையைப் பெருக்க முயல்கிறது. எல்லையைத் தாண்டிய முகடுகளும் பள்ளங்களும் வெட்டுண்டு போக, வளைந்த அலை ஏறத்தாழச் சதுர வடிவம் பெறுகிறது. இவ்வாறு வெட்டுண்ட அலையில், மூலச் சுரத்தோடு முன்னர் இல்லாத பல மேற்றொனிகளும் சேர்ந்துவிடுகின்றன. அவையே செவியிற் கரகரப்பாக உணரப்படுகின்றன. மெல்லத் தேய்ந்து மறையவேண்டிய ஒலி தேயாது நீண்டு நிற்பதும் இதனாலேயே. தொடக்ககாலப் பெட்டிகளில் ஜேர்மானியத் திரான்சிஸ்டர்களும் பிற்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் சிலிக்கன் திரான்சிஸ்டர்களும் இடம்பெற்றன.

சுவையான செய்தி யாதெனில், இதனை ஆக்கியோரே இதன் பயனை முற்றாக அறிந்திருக்கவில்லை என்பதாகும். கிற்றாரை ஊதுகருவி போல ஒலிக்கச் செய்யலாம் என்றே விளம்பரம் செய்தனர். வாங்குவோர் மிகக் குறைவாகவே இருந்தனர். 1965இல் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் கீத் றிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலில் இப்பெட்டியைப் பயன்படுத்தினார். அவரும் ஊதுகருவிகள் பின்னர் வாசிக்கவேண்டிய பகுதிக்கு ஒரு மாதிரியாகவே அதனை எண்ணினார். ஆனால் அம்மாதிரியே பாடலாக வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. கடைகளில் தேங்கிக் கிடந்த பெட்டிகளும் விற்பனையாயின. 1966இல் இலண்டனில் 'ஃபஸ் ஃபேஸ்' என்ற வட்டவடிவப் பெட்டி வந்தது. அதனைத் தம் காலடியில் வைத்திருந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ், 1969 ஓகஸ்டில் வூட்ஸ்டொக் விழாவில் அமெரிக்க நாட்டுப்பண்ணை வாசித்தார். வியற்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பண்ணின் இடையிடையே குண்டு வீழும் ஓசையும் அலறலும் கிற்றாரிலிருந்து எழுந்தன. 11 ஆண்டுகளுக்கு முன் வானொலி ஒதுக்கிய அதே கரகரப்பு, இப்போது ஒரு தலைமுறையின் வாக்குமூலமாயிற்று. 1970, 1971ஆம் ஆண்டுகளில் இந்திய இளைஞர் குழுக்களின் பாடல்களைத் தாங்கி வெளிவந்த 'சிம்லா பீற்' இசைத்தட்டுகளிலும் இவ்வோசை கேட்கிறது.

இனி, எமது மரபை நோக்குவோம். தமிழிசை தூய ஓசையையே போற்றிற்று என்றும், கரகரப்பு மேனாட்டார் கொணர்ந்த கேடு என்றும் கூறுவோர் உளர். அவர்களுக்குச் சான்று இல்லாமலில்லை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசையரங்கில் சீவகன் தன்னிடம் தரப்பட்ட யாழ்களை ஏற்க மறுக்கிறான். நீரில் நின்று இளகிய மரம், இடி வீழ்ந்த மரம் என அவற்றின் குற்றங்களை எடுத்துக் காட்டுகிறான். கருவியிற் குற்றம் இருப்பின் ஓசையிலும் குற்றம் இருக்கும் என்பது அக்காட்சியின் கருத்தாகும்.

ஆயினும் இது முழு வரலாறன்று. கருநாடக இசையரங்கில் பாடகருக்குப் பின்னே ஒலிக்கும் தம்புராவைக் கவனிப்போம். அதன் குதிரை, வயலினின் குதிரைபோற் கூரியதன்று; அகன்று, சற்றே வளைந்த மேற்பரப்பை உடையது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே மெல்லிய நூலொன்றைச் செருகி, முன்னும் பின்னுமாக நகர்த்திச் சரிசெய்வர். நூல் உரிய இடத்துக்கு வந்ததும் தந்தி குதிரையை மெல்ல உரசி, தேனீக்கூட்டம் போல முரலத் தொடங்கும். அவ்விளைவுக்கு மரபு இட்ட பெயர் 'ஜீவா' என்பதாகும். உயிர் என்பது அதன் பொருள். சர் சி. வி. இராமன் 1921இல் இந்திய நரம்புக் கருவிகள் பற்றி எழுதிய ஆய்வுரையில் இதனை விளக்கினார். தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்து எழாதிருக்கவேண்டிய மேற்றொனிகளும், குதிரையின் தொடுகையினால் இக்கருவிகளில் ஓங்கி எழுகின்றன என்று அவர் காட்டினார். மிருதங்கத்திலும் இதற்கு இணையுண்டு. வலந்தலைத் தோல்களின் இடையே சிறு ஈர்க்குத் துண்டுகளைச் செருகுவது குச்சி மிருதங்கம்; கல்லின் நுண்டுகள்களை இடுவது கப்பி மிருதங்கம். இரண்டிலும் தேடப்படுவது ஒலியோடு சேர்ந்தெழும் ஒரு மெல்லதிர்வேயாகும். எனவே, தெளிந்த ஒலியில் வேண்டுமென்றே கரகரப்பைச் சேர்க்கும் கலையை எமது முன்னோர் நாஷ்வில் பொறியியலாளருக்கு மிக முன்னரே கையாண்டனர் எனின் மிகையாகாது.

தப்பின் கரகரப்பு இவற்றினின்றும் வேறானது. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கருமையான சாந்து அதன் மேற்றொனிகளை இசை ஒழுங்குக்குள் கொணர்கிறது என்பதும் இராமன் காட்டிய உண்மையே. தப்பில் அச்சாந்து இல்லை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெறுந்தோல். ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறுகையில் தடித்த குறுங்குச்சி. வெறுந்தோலின் மேற்றொனிகள் அடிப்படைச் சுரத்தின் முழுமடங்குகளாக அமைவதில்லை. ஆதலால் அதன் ஓசை ஒரு சுரத்தில் அடங்காது, வெடித்துச் சிதறி, மலைக்கு மலை எட்டுகிறது. குறிஞ்சி முதலிய ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைத் தொல்காப்பியம் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

அத்தகைய தோற்கருவிக்கு இந்நாட்டில் நேர்ந்தது யாது? 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம், நகரங்களில் இரவில் அனுமதிப்பத்திரமின்றி மேளம் கொட்டுவதைக் குற்றமாக்கியது. குதிரைகளை வெருட்டக்கூடிய வாத்தியமும் மக்களின் துயிலைக் கெடுக்கும் ஓசையும் அவ்வேற்பாட்டில் ஒருங்கே எண்ணப்பட்டன. அதே காலத்தில் மலையகத் தோட்டங்களில் நிலைமை நேர்மாறாக இருந்தது. முதலிற் கோப்பிக்கும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதன் பின் படிப்படியாகத் தேயிலைக்கும் எனத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரை, விடியுமுன் துயிலெழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பொலியே. 1950களில் வெளிவந்த சி. வி. வேலுப்பிள்ளையின் 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்ற ஆங்கில நெடுங்கவிதையும் விடியலில் அதிரும் அந்த ஓசையோடுதான் தொடங்குகிறது. நகரத்தில் துரையின் துயிலைக் கெடுத்தால் மேளம் குற்றம். தோட்டத்தில் தொழிலாளியின் துயிலைக் கெடுத்தால் அது நிர்வாகம். ஓசை மாறவில்லை, அதனைக் கேட்டவர் யார், கேட்பித்தவர் யார் என்பதே மாறிற்று.

இங்கு நாம் எம்மையும் விலக்கிக்கொள்ள இயலாது. துரைமார் அதனை இரைச்சல் என்றனர். நாமோ அதனை அடித்தவரின் சாதியைச் சொல்லி விலக்கினோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் காமன் கூத்துக்கும் அதனை அழைத்தோம். அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அதனால் இளைஞர் பலர் தப்பைத் தொடவும் கூசினர். அவ்விழிவைச் சுமக்க மறுத்துத் தப்பைக் கீழே வைத்தவரின் முடிவு மதிக்கத்தக்கது. கலை அழிகிறதே என்று அவர்களிடம் முறையிடும் உரிமை, அவர்களை வெளியே நிறுத்திய எமக்கு இல்லை.

இவ்வாறு நோக்கும்போது மூவகைக் கரகரப்பும் மூவகை விதியைப் பெற்றமை தெளிவாகிறது. தம்புராவின் முரலொலி உயிர் என்ற பெயரைப் பெற்றது. நாஷ்விலின் பழுது விலைப்பொருளாகிப் பின்னர் கலையாயிற்று. தப்பின் அதிர்வு ஒருபுறம் வேலைமணியாகவும் மறுபுறம் தீட்டாகவும் ஆக்கப்பட்டது. இவ்வேற்றுமைக்குக் காரணம் அலைகளின் வடிவத்தில் இல்லை. ஓசைக்குப் பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதிலேயே உள்ளது.

அந்த அதிகாரம் என்றும் ஒரே கையில் இருப்பதில்லை என்பதற்கும் சான்றுண்டு. இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளமையின் ஒரு பகுதியைக் கழித்த மாயா அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' என்ற இசைத்தொகுப்புக்காகச் சென்னையில் உறுமி மேளக் கலைஞரின் வாசிப்பைப் பதிவுசெய்தார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் உறுமியின் முனகல், மின்னியல் இரைச்சலோடு கலந்து மேனாட்டு மேடைகளில் ஒலித்தது. அங்கு எவரும் அதனைத் தீட்டு என்று கூறவில்லை.

தப்புக்கு மதிப்பு வரவேண்டுமாயின் அது அயல்நாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பது என் கருத்தன்று. தப்படிப்பவரும் கிற்றார் வாசிப்பவரும் ஒரே வாசலால் உள்ளே வந்து, ஒரே கூலியும் ஒரே மரியாதையும் பெறும் நாளிலேயே அம்மதிப்பு உண்மையாகும். அன்று பட்டிப்பொலத் திருவிழாவில் கிற்றார் வாசித்த இளைஞர் தம் பெட்டியை மிதிப்பதற்குச் சற்று முன்னர், தப்படித்தவர்கள் நெருப்பருகே குந்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இரு சாராரும் தேடியது ஒன்றையே. மேடையில் நின்றவருக்கு ஒலிவாங்கி இருந்தது. நெருப்பருகே இருந்தவர்களுக்கு இல்லை. எமது தலைமுறை திருத்தவேண்டிய பழுது அதுவேயாகும்.