லாடம் கட்ட ஆளில்லாத குதிரைகளும், முற்றத்தில் பிரித்த பைக்கும்

பழைய பைக் ஒன்றை வீட்டு முற்றத்தில் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் அக்கம்பக்கத்தினர் கேட்கும் கேள்வி ஊருக்கு ஊர் மாறாது. "இதை வித்துட்டுப் புதுசா ஒண்ணு வாங்கக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் "செத்தால் புதுசு வாங்கு" என்ற வழியில் போன ஒரு அரசின் கதை எழுநூறு வருடங்களுக்கு முன்னாலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் காயல் கடற்கரையை வைத்து!

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, 'காயில்' என்ற பெரிய துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய பழையகாயல்தான் அது என்றார் கால்டுவெல். இன்றைய காயல்பட்டினத்துக்கு வடக்கே, கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். ஹோர்முஸ், கீஷ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து வந்த கப்பல்கள் இங்கேதான் நின்றன. முத்து இங்கிருந்து போனது. இறங்கியதில் முக்கியமான சரக்கு, குதிரை.

போலோவின் கணக்கு கொஞ்சம் தலைசுற்ற வைக்கும். பாண்டிய அரசர் ஒருவர் மட்டும் வருடத்துக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குவாராம். அவருடைய சகோதரர்கள் நால்வரும் அதே போல வாங்குவார்களாம். வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூறு கூட மிஞ்சாதாம். கணக்குப்பதிவியல் படிப்பவர்கள் யோசித்துப் பாருங்கள்... ஒரே வருடத்தில் 95 சதவீதத் தேய்மானம்! எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

ஏன் செத்தன? போலோ சொல்லும் காரணம்தான் சுவாரஸ்யமானது. இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் கட்டுபவர் கூடக் கிடையாது என்கிறார். அதோடு நிற்கவில்லை. குதிரை வியாபாரிகள் லாடக்காரர்களைத் தாங்களும் அழைத்து வர மாட்டார்கள், வேறு யாரும் வரவும் விட மாட்டார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருட வியாபாரம் படுத்துவிடுமே!

இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. போலோ கேட்டதையும் கண்டதையும் கலந்து சொல்பவர். பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் வேறு காரணங்கள் சொல்கிறார். வறுத்த பார்லியும், நெய் கலந்த தானியமும், காய்ச்சிய பாலும் கொடுத்து, கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு பழக்காமலே முரட்டுத்தனமாக ஓட்டினார்கள் என்பது அவர் எழுதியது. வெயிலும் சேர்ந்திருக்கும். ஆனால் வஸ்ஸாஃப் இன்னொன்றும் சொல்கிறார். ஒரு குதிரைக்கு 220 தங்க தினார் விலை. கடலில் வரும் வழியில் செத்த குதிரைக்கும் அரசுக் கருவூலத்திலிருந்து பணம் போனது!

இரண்டு பேரும் ஒத்துப் போவது ஒரு விஷயத்தில்தான். வாங்கப் பணம் இருந்தது. பேணத் தெரிந்த கை இல்லை. முத்து விற்று வந்த காசு, குதிரையாகி மண்ணுக்குள் போனது.

இப்போது அறுநூறு வருடம் தாண்டி, கோயம்புத்தூர் பக்கம் போவோம்.

கலங்கல் என்ற கிராமம். 1893இல் அங்கே பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி.டி.நாயுடு என்றால் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானே ஓடும் வண்டி! பார்த்தவர்கள் எல்லோரும் வாய் பிளந்திருப்பார்கள். நாயுடு வாயை மூடிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய், ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். காசு சேர்த்தார். அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. பிரித்துப் போட்டார்! பிரிப்பதும் மாட்டுவதுமாக, எந்தப் பாகம் எதற்கு என்று வண்டியிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். சொல்லிக்கொடுக்க வாத்தியார் இல்லை.

அந்தக் கை என்னவெல்லாம் செய்தது என்பது வரலாறு. 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைக் கொண்டு வந்தார். 1945இல் கோயம்புத்தூரில் தொழிற்கல்விக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அதுதான். தொழில் படிப்புக்கு வருடக்கணக்கில் வகுப்பறையில் உட்கார வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. ரட்ஜ் வண்டியைத் தானே பிரித்துக் கற்றவர் வேறு எப்படிச் சொல்வார்?

குதிரை வாங்கிய அரசர்களுக்கும் நாயுடுவுக்கும் என்ன வித்தியாசம்? அவர்களும் வெளிநாட்டுச் சரக்கைத்தான் வாங்கினார்கள், இவரும் வெளிநாட்டுச் சரக்கைத்தான் வாங்கினார். அவர்கள் குதிரையை மட்டும் வாங்கினார்கள். இவர் வண்டியோடு சேர்த்து லாடக்காரரின் வேலையையும் கற்றுக்கொண்டார்.

அடுத்த கதை சென்னை திருவொற்றியூரில். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1930களில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு முரட்டு வண்டி வேண்டும் என்று இந்திய அரசு தேடியபோது 350 சிசி புல்லட் தேர்வானது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் பாகங்களாகக் கொண்டு வந்து இங்கே பூட்டினார்கள். பிறகு செய்யும் கருவிகளே இங்கே வந்து, முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் மூச்சே நின்றது. திருவொற்றியூர் மட்டும் விடாமல் ஓடியது. 1977இல் இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது! பழைய புல்லட் வைத்திருந்த ஆங்கிலேயர்கள் உதிரி பாகத்துக்குச் சென்னையை எதிர்பார்த்தார்கள்.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டி, வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? காரணம் எளிது. எதுவும் ஒளிந்திருக்காது. ஒரே சிலிண்டர், 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. கியர் பெட்டி தனி. வால்வு சரிபார்க்க வேண்டுமா? எஞ்சின் ஆறியிருக்கும்போது பக்கத்து மூடியைக் கழற்றி, புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான், அளவுகோல் கூட வேண்டாம். பாயிண்ட் எப்போது திறக்கிறது என்று தெரிய வேண்டுமா? நடுவில் மெல்லிய காகிதத் துண்டைச் செருகி இலேசாக இழுத்துக்கொண்டே எஞ்சினைத் திருப்பினால், காகிதம் நழுவும் இடம்தான் அது. உதைக்கும் முன் அம்மீட்டர் முள் நடுவே வரும் வரை மெதுவாக மிதிப்பது ஒரு சடங்கு. தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். வாங்கியவர்களுக்குத் தெரியும் வலி!

கடலோர ஊர்களில் இந்த வேலை இன்னும் கூடுதல். உப்புக் காற்று செயினையும் ஸ்போக்கையும் சைலன்சரையும் விட்டு வைக்காது. மண்ணெண்ணெய்க் கிண்ணம், பழைய துணி, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை அடுக்கி வைக்க ஒரு பழைய செய்தித்தாள்... பாதி ஒர்க்ஷாப் இதுதான். கிடைக்காத பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. மீதி, பொறுமை.

ஆனால் காலம் மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததோடு புது பைக்குகளில் கார்புரேட்டருக்குக் கிட்டத்தட்ட விடை கொடுத்தாயிற்று. எரிபொருளை அளந்து விடுவது இப்போது கம்ப்யூட்டர். கோளாறு என்னவென்று அறிய ஸ்கேனர் வேண்டும். இதில் சதி ஒன்றும் இல்லை, புகை குறைந்திருக்கிறது, அது எல்லோருக்கும் நல்லது. ஆனால் அந்த ஸ்கேனரும் கையேடும் யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கம்பெனி சர்வீஸ் சென்டரிடம் மட்டுமா? தெருமுனை மெக்கானிக்கிடமுமா? வாங்கியவரிடமுமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் கார்களுக்காக இதை ஓட்டுப் போட்டே தீர்மானித்தார்கள். கம்பெனி டீலருக்குக் கிடைக்கும் பழுதுத் தகவல் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். அதே வருட டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. குழுவும் இணையதளமும் சட்டம் ஆகாது. ஆனாலும் கேள்வி சபைக்கு வந்துவிட்டது.

வணிகவியல் பாடத்தில் விற்பனைக்குப் பிந்தைய சேவை என்று ஒரு தலைப்பு உண்டு. நல்ல வியாபாரத்தின் அடையாளம் என்று படிப்போம். போலோ சொன்ன குதிரை வியாபாரிகள் அதைத் தலைகீழாகச் செய்தவர்கள். விற்பனைக்குப் பிந்தைய சேவை கிடைக்கவே கூடாது என்பதுதான் அவர்களுடைய லாபம். அந்த ஆசை எந்தக் காலத்து விற்பவருக்கும் வரலாம். அதற்கு மருந்து வாங்குபவர் கையில்தான் இருக்கிறது. நாயுடு கையில் இருந்தது போல.

ஆகவே அடுத்த முறை முற்றத்தில் யாராவது பழைய வண்டியைப் பிரித்துப் போட்டு, மிஞ்சிய ஒரு நட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முழித்தால் சிரிக்காதீர்கள். முடிந்தால் டார்ச் பிடியுங்கள். பாண்டியர் லாயத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், சில நூறு குதிரைகளாவது அடுத்த வருடத்தைப் பார்த்திருக்கும்.