பூனையை வீட்டுக்குள்ள விட்ட மண்ணு

முல்தானி மட்டி தெரியும்ல? ஞாயித்துக்கிழமை மதியம் அக்காவோ தங்கச்சியோ (சில வீடுகள்ல அண்ணன்களும்!) முகத்துல அப்பிக்கிட்டு, சிரிச்சா வெடிச்சுடும்னு வாயைத் திறக்காம உக்காந்திருப்பாங்களே, அந்த மண்ணு. இங்கிலீஷ்காரன் அதை ஃபுல்லர்ஸ் எர்த்னு சொல்றான். ஃபுல்லர்னா, கம்பளித் துணியை மிதிச்சுக் கசக்கி அதுல இருக்குற எண்ணெய்ப் பிசுக்கை எடுக்குற தொழிலாளி. பிசுக்கை உறிஞ்ச அவன் பயன்படுத்தின களிமண்தான் இது.

துணிக்கும் முகத்துக்கும் ஆகி வந்த இந்த மண்ணுதான் பூனையைக் கொல்லைப்புறத்துல இருந்து தூக்கிட்டு வந்து கட்டில் மேல உக்கார வச்சுதுன்னு சொன்னா நம்புவீங்களா? பூனை மனுஷனோட ஒட்டி வாழ ஆரம்பிச்சு பல ஆயிரம் வருஷம் ஆச்சு. ஆனா வெளியவே போகாம, 24 மணி நேரமும் வீட்டுக்குள்ளயே இருக்குற பூனைங்கிறது பரவலானது ரொம்பப் பிந்திதான். பாசம் இல்லாமப் போனதாலயா இவ்வளவு லேட்டு? எனக்குத் தெரிஞ்சு, நாத்தம்தான் காரணம்.

அந்த நாத்தத்தோட பூர்வீகத்தைக் கொஞ்சம் பாத்துடலாம். வீட்டுப் பூனையோட மூதாதை மேற்கு ஆசியாவுல, வறண்ட நிலத்துல திரிஞ்ச காட்டுப் பூனைன்னு 2007-ல வந்த மரபணு ஆராய்ச்சி சொல்லுது. தண்ணி கிடைக்காத ஊர்ல பிறந்த வம்சம். உடம்புல இருக்குற ஈரத்தை லேசுல வெளிய விடாது. சிறுநீரகம் தண்ணியைத் திரும்பத் திரும்ப இழுத்து வச்சுக்கிட்டு, மிச்சத்தைக் கெட்டியா வெளிய அனுப்பும். அதுல இருக்குற யூரியாவை பாக்டீரியா உடைச்சா அமோனியா. அது போதாதுன்னு ஃபெலினைன்னு ஒரு சமாச்சாரம் வேற. பூனைக் குடும்பத்துக்கே உரிய இந்த அமினோ அமிலத்துல கந்தகம் இருக்கு. சிதைஞ்சா வர்ற வாசனை இருக்கே... காயடிக்காத கடுவன் பூனை ஒண்ணு வீட்டு மூலையில 'கையெழுத்து' போட்டுட்டுப் போனதை மோந்து பாத்தவங்களுக்கு விளக்கமே தேவையில்ல.

ஆனா அதே பாலைவன வம்சத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பொலபொலன்னு மண்ணு கண்டா அதுல தோண்டிப் போயிட்டு மூடி வைக்கும். நாய்க்கு இதைச் சொல்லிக் குடுத்தாலும் வராது. நாய் விஷயத்துல நியூயார்க் 1978-ல சட்டமே போட வேண்டி வந்துச்சு. உங்க நாய் போனதை நீங்கதான் அள்ளணும், இல்லேன்னா 100 டாலர் வரைக்கும் அபராதம்னு. பூனைக்குச் சட்டம் தேவைப்படல, சரியான மண்ணு ஒண்ணுதான் தேவைப்பட்டுச்சு. அது கிடைக்கிறதுக்கு 1947 ஆச்சு.

அதுவரைக்கும் அமெரிக்காவுல என்ன பண்ணிட்டு இருந்தாங்க? பூனை வளக்குறவங்க ஒரு பெட்டியில மணலோ, அடுப்புச் சாம்பலோ, மரத்தூளோ, கிழிச்ச பேப்பரோ போட்டு வைப்பாங்க. இதுல எதுவும் சரியா வேலை செய்யாது. மணல் ஈரத்தை உறிஞ்சாது, அடியில தேங்கி நாறும். சாம்பல் உறிஞ்சும், ஆனா பூனைக் காலோட வீடு பூரா நடந்து போகும். அதனால ராத்திரியானா பூனையைத் தூக்கி வெளிய விட்டுட்டுக் கதவைச் சாத்திடுறதுதான் நிறைய வீட்டுல வழக்கம்.

மிச்சிகன் மாநிலத்துல காசோபொலிஸ்னு ஒரு சின்ன ஊரு. அங்க எட்வர்ட் லோனு ஒரு இளைஞர், இரண்டாம் உலகப் போர்ல கடற்படையில இருந்துட்டுத் திரும்பி வந்து அப்பாவோட வியாபாரத்துல சேர்ந்திருந்தார். தொழிற்சாலைத் தரையில கொட்டுற எண்ணெயை உறிஞ்சி எடுக்குற பொருட்கள், அதாவது மரத்தூள், களிமண் மாதிரி சரக்கு விக்கிற வியாபாரம். 1947 ஜனவரி. நல்ல குளிர். பக்கத்துல குடியிருந்த ஒரு அம்மா வந்து கொஞ்சம் மணல் கிடைக்குமான்னு கேட்டாங்க. அவங்க மணல் குவியல் உறைஞ்சு கல்லாயிடுச்சு. சாம்பல் போட்டுப் பாத்தா வீடு முழுக்கக் கரிப் பாதம். லோ மணலுக்குப் பதிலா, வண்டியில இருந்த காய்ஞ்ச களிமண் குருணையைக் குடுத்து, இதைப் போட்டுப் பாருங்கன்னு அனுப்பிட்டார். அது ஃபுல்லர்ஸ் எர்த். நம்ம முல்தானி மட்டியோட அமெரிக்க ஒண்ணுவிட்ட தம்பி!

அந்தம்மா திரும்பி வந்து அதே மண்ணுதான் வேணும்னு நின்னாங்க. அவங்க தோழிகளும் கேக்க ஆரம்பிச்சாங்க. லோ பத்து காகிதப் பையில ஐந்து ஐந்து பவுண்டு (நம்ம கணக்குல ரெண்டேகால் கிலோ) மண்ணை நிரப்பி, மேல கையாலயே 'கிட்டி லிட்டர்'னு எழுதி, ஊர்க் கடையில கொண்டு போய் வச்சார். விலை 65 சென்ட். கடைக்காரர், சும்மா கிடைக்கிற மணலை விட்டுட்டு எவன் காசு குடுத்து மண்ணு வாங்குவான்னு சிரிச்சாராம். அப்ப சும்மாவே குடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டார் லோ. வாங்கிட்டுப் போனவங்க அடுத்த தடவை காசோட வந்தாங்க.

இந்த மனுஷன்கிட்ட எனக்குப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். பொருளை ஊர் ஊரா எடுத்துட்டுப் போனார். பூனைக் கண்காட்சிகள்ல கடை போடக் காசு குடுக்குறதுக்குப் பதிலா, அங்க இருக்குற பூனைங்களோட பெட்டியை எல்லாம் நானே சுத்தம் பண்றேன்னு சொல்லி இடம் பிடிச்சிருக்கார். மார்க்கெட்டிங்னு பெரிய பேர் வச்சு நாம பேசுறதை எல்லாம் அந்தாளு பூனைப் பீ அள்ளியே பண்ணிட்டார். 1964-ல டைடி கேட்னு இன்னொரு பிராண்டு. 1990-ல கம்பெனியை வித்தப்ப சுமார் 20 கோடி டாலர். 1995-ல லோ இறந்து போனார். டைடி கேட்ஸ் பின்னாடி ரால்ஸ்டன் பூரினா கைக்குப் போய், 2001-ல அந்தக் கம்பெனியையே நெஸ்லே வாங்கிடுச்சு.

பூனை வீட்டுக்குள்ள வந்ததுக்கு இந்த மண்ணு மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொன்னா அது ஜல்லி. கருத்தடை ஆபரேஷன் பரவலாச்சு, டப்பாவுல அடைச்ச தீனி வந்துச்சு, ஜனங்க அபார்ட்மெண்டுக்குக் குடி போனாங்க. எல்லாம் சேர்ந்துதான். ஆனா மத்த எல்லாம் வந்து, கழிவுக்கு மட்டும் வழி இல்லாம இருந்திருந்தா, பூனை மூணாவது மாடி ஏறியிருக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

லோவோட மண்ணுலயும் ஒரு குறை இருந்துச்சு. உறிஞ்சும், ஆனா உறிஞ்ச இடத்தைத் தனியாப் பிரிச்சு எடுக்க முடியாது. கெட்டியானதை அள்ளிடலாம், ஈரம் அடியில போய்த் தங்கிடும். சில நாள் பொறுத்துட்டு, நாத்தம் தாங்காதப்ப மொத்தப் பெட்டியையும் கவுத்துக் கொட்டுவாங்க. 1984-ல தாமஸ் நெல்சன்னு ஒரு உயிர்வேதியியல் நிபுணர் பெண்டோனைட்டை வச்சு இதைச் சரி பண்ணார். எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் மாறி உண்டான களிமண் அது. சோடியம் பெண்டோனைட்டுல தண்ணி பட்டா பல மடங்கு ஊதி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள்ள ஊத்துற சேறும் இந்த மண்ணுலதான் செய்யறாங்க. பூனை போன இடம் மட்டும் உருண்டையா நிக்கும், கரண்டியால எடுத்துப் போட்டுட்டா மீதி மண்ணு சுத்தம். நம்ம நாட்டுல குஜராத் கட்ச் பக்கம் பெண்டோனைட் நிறைய வெட்டி எடுக்குறாங்க, பூனை மண்ணா வெளிநாட்டுக்கும் போகுது. ஒண்ணு, இந்த மண்ணு மக்காது. வெட்டின மண்ணு பிளாஸ்டிக் பையில ஏறி இன்னொரு குழிக்குப் போகுது, அவ்வளவுதான். இதை டாய்லெட்ல கொட்டினா என்ன ஆகும்னு பிளம்பரைக் கேளுங்க.

தினமும் அள்ள முடியுதுங்கிறது வெறும் வசதின்னு விட்டுட முடியாது. இங்கதான் மேட்டர் கொஞ்சம் சீரியஸ் ஆகுது.

நம்ம பக்கம் வீட்டுல ஒரு பொண்ணு உண்டாயிருக்கான்னு தெரிஞ்சா, பெரியவங்க முதல்ல பாக்குறது பூனையைத்தான். 'பூனை முடி வயித்துக்குள்ள போனா ஆகாது.' அடுத்த நாள் அது கோணிப்பைக்குள்ள. ஆத்துக்கு அந்தப் பக்கமோ, மீன் மார்க்கெட் கிட்டயோ விட்டுட்டு வந்துடுவாங்க. இப்படிப் போன பூனைங்களுக்குக் கணக்கே இல்ல. இந்தப் பயத்துல ஒரு உண்மை இருக்கு. ஆனா அது முடியில இல்ல.

டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி. 1908-ல துனிஸ் நகரத்துல சார்ல் நிக்கோல், லூயி மான்சோன்னு ரெண்டு பேர் ஒரு காட்டு எலி மாதிரி பிராணியில இதைக் கண்டுபிடிச்சாங்க. கர்ப்பமா இருக்குறப்ப முதல் தடவையா தொத்தினா குழந்தையோட கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். எப்படிப் பரவுதுங்கிறது முழுசாப் புரிய அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதோட முட்டை பூனை மலத்துல வெளிய வருதுன்னு 1970 வாக்குல உறுதியாச்சு. முக்கியமான விஷயம் ரெண்டு. ஒண்ணு, பூனை இதை வாழ்நாள் முழுக்க விடாது. முதல்ல தொத்தினப்ப சில வாரம்தான் பெரும்பாலும் வெளிய விடும். ரெண்டு, வெளிய வந்த உடனே அந்த முட்டைக்குத் தொத்துற சக்தி கிடையாது. பக்குவமாக ஒண்ணுல இருந்து அஞ்சு நாள் ஆகும்.

அந்த ஒரு நாள்தான் எல்லாமே. 24 மணி நேரத்துக்குள்ள அள்ளிக் கட்டிப் போட்டுட்டா ஆபத்து ரொம்பக் குறைஞ்சுடும். வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா கவுத்துன காலத்துல அது பக்குவமாகித் தயாரா உக்காந்திருக்கும். தினமும் சுத்தம் பண்ணணும்னு விஞ்ஞானம் சொன்னது 1970-ல. ஈரத்தையும் சேத்துத் தினமும் எடுக்கத் தோதான மண்ணு வந்தது 1984-ல.

அப்ப கர்ப்பிணி இருக்குற வீட்டுல பண்ண வேண்டியது என்ன? அவங்க பெட்டிப் பக்கம் போகாம, வீட்டுக்காரர் தினமும் அள்ளணும். (ஆமாங்க, நீங்கதான்.) வேற வழியே இல்லேன்னா கையுறை போட்டுக்கிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவணும். சரியா வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண்ணு, இதுல எல்லாம் கூட இது வரும்ங்கிறதால பூனையைத் துரத்திட்டாக் கதை முடியாது. இன்னொண்ணு, கோணிப்பையில கட்டி விட்ட பூனை எங்க போகும்? யாரோ வீடு கட்டக் கொட்டி வச்ச மணல் குவியலுக்கு. ஈர மண்ணுல அந்த முட்டை மாசக் கணக்குல உயிரோட இருக்கும். அந்தக் குவியல்லதான் தெருப் பிள்ளைங்க வீடு கட்டி விளையாடுது.

பெட்டி சரி, தரை? நம்ம வீடுகள்ல சுத்தம்னாலே பினாயில். இதுக்கும் பழைய கதை உண்டு. கார்லைல்னு ஒரு ஆங்கிலேய ஊர்ல சாக்கடை நாத்தத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் ஊத்துறாங்கன்னு ஜோசப் லிஸ்டர் கேள்விப்பட்டார். நிலக்கரித் தார்ல இருந்து எடுக்குற ஃபீனால்தான் அது. 1865-ல கிளாஸ்கோவுல, காலெலும்பு உடைஞ்சு வெளிய வந்த ஒரு பையனோட காயத்துக்கு அதை வச்சுக் கட்டினார். காயம் சீழ் பிடிக்காம ஆறிடுச்சு. அறுவை சிகிச்சையே மாறிப் போச்சு. 1877-ல ஜான் ஜெயஸ் தன்னோட கிருமிநாசினி திரவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம கருப்பு பினாயில் எல்லாம் அந்த வம்சம்தான்.

சாக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரம். பூனைக்கு விஷம். நம்ம கல்லீரல் ஃபீனாலோட ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டிக் கரைச்சு வெளிய தள்ளிடும். அந்த மாதிரி வேலை செய்யற யூஜிடி1ஏ6-ங்கிற மரபணு பூனைக்கு உடைஞ்சு கிடக்குன்னு 2000-ல காட்டினாங்க. சிங்கம் புலிக்கும் அப்படியேதான். பாரசிட்டமால் அரை மாத்திரை கூட பூனையைக் கொல்லலாம்கிறதுக்கும் இதான் காரணம். பினாயில் போட்டுத் துடைச்ச தரையில பூனை நடக்கும், அப்புறம் உக்காந்து காலை நக்கும். அது எவ்வளவு சுத்தக்கார ஜீவனோ அவ்வளவு விஷம் உள்ள போகும். பைன் எண்ணெய் போட்ட வெள்ளைப் பினாயிலையும் நம்ப வேணாம். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்து மேல கொட்டுறதும் தப்பு, அமோனியாவோட சேர்ந்து நம்ம மூச்சையே அடைக்கிற வாயு வரும்.

இதுல கூத்து என்னன்னா, இவ்வளவு பினாயில் ஊத்தினாலும் அந்த டாக்ஸோபிளாஸ்மா முட்டை அசராது. சாதாரணக் கிருமிநாசினி எதுவும் அதோட ஓட்டைத் துளைக்காது. அது சாகுறது சூட்டுக்கு. பெட்டியைக் காலி பண்ணிட்டு, நல்லாக் கொதிச்ச வெந்நியை ஊத்திக் கொஞ்ச நேரம் விட்டு, சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவி வெயில்ல காய வச்சாப் போதும். தரைக்கு முதல்ல பழைய பேப்பரால ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, சோப்புத் தண்ணியால துடைச்சு, அப்புறம் வெறும் தண்ணியால ஒரு தடவை. வாசனை வரலையேன்னு வீட்டுல பெரியவங்க கேப்பாங்க. பினாயில் வாசம் வந்தாத்தான் துடைச்ச மாதிரின்னு நம்ம மூக்கு நாலு தலைமுறையா பழகிப் போச்சு.