உருண்ட மூலை

கொஞ்சம் நீளமான பதிவு. இரும்பு, லேத் என்றெல்லாம் வரும். "வாத்தியாருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் கணபதி பக்கம் ஒரு சிறிய பட்டறைக்குப் போயிருந்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் நடத்துவது. பையன் என்கிறேன், அவனுக்கே ஐம்பது வயது. பெரிய கம்பெனிகளில் தேய்ந்துபோன கட்டர்களை வாங்கி மறுபடியும் சாணை பிடித்துக் கொடுப்பதுதான் தொழில். "வாங்க சார், உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். மேசைமேல் ஒரு சாதனம் இருந்தது. கைக்கடக்கமான இரும்பு மேடை. நடுவில் சுழலும் அச்சு. அதன்மேல் ஒன்றுக்கொன்று குறுக்காக நகரும் இரண்டு ஸ்லைடுகள். எல்லாவற்றிலும் அளவுக் கோடுகள்.

"இது என்னப்பா?"

"ரேடியஸ் பிக்சருங்க சார். கட்டரோட மூலையை உருட்டறதுக்கு."

கூராக இருப்பதற்காகத்தானே சாணை பிடிக்கிறோம், மூலையை எதற்கு உருட்ட வேண்டும் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். பதிலை வீட்டுக்கு வந்து நானே தேடிப் படித்தேன். பாதிப் பதில் என் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கதை ஒரு ரயில் விபத்தில் தொடங்குகிறது. 1842 மே 8, ஞாயிற்றுக்கிழமை. பிரான்சு மன்னர் லூயி பிலிப்பின் விழாவுக்காக வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நீரூற்றுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். பார்த்துவிட்டுக் கூட்டம் கூட்டமாகப் பாரீசுக்குத் திரும்பிய ஜனங்கள் ஏறிய ரயில் மெடோன் என்ற இடத்தில் கவிழ்ந்தது. முன்னால் இருந்த எஞ்சினின் அச்சுத்தண்டு படக்கென்று முறிந்துவிட்டது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின, நெருப்புப் பிடித்தது. அந்தக் கால வழக்கப்படி பயணிகளை உள்ளே விட்டுக் கதவுகளை வெளியே பூட்டியிருந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்துருவக் கடல்வரை போய்ப் பத்திரமாகத் திரும்பிய மாலுமி த்யூமோன் தூர்வில், மனைவி மகனோடு அந்தப் பெட்டியில்தான் எரிந்துபோனார். துருவத்துப் பனி விட்டுவைத்த மனிதரை வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு ரயில் கொண்டுபோனது.

நல்ல இரும்பு, புதிதாய்ப் பார்த்தால் குறையில்லாத தண்டு. எப்படி முறிந்தது? ஓடி ஓடி அதிர்ந்ததில் இரும்பின் நார் கெட்டு உள்ளே கற்கண்டு போலப் படிகமாகிவிட்டது என்று அப்போது பலரும் நம்பினார்கள். அடுத்த வருடமே, 1843இல், ஸ்காட்லாந்துக்காரரான ராங்கின் இது தவறு என்று எழுதினார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுதான். பின்னாளில் நீராவி எஞ்சின் கணக்குகளில் பெரிய பெயர் எடுத்தவர். முறிந்த அச்சுகளை அவர் உற்றுப் பார்த்தார். தண்டின் தடிமன் சட்டென்று குறைகிற இடம் ஒன்று இருக்குமே, படிக்கட்டு மாதிரி, அந்த உள் மூலையில்தான் விரிசல் தொடங்கியிருந்தது. தொடங்கிய விரிசல் நாளுக்கு நாள் உள்ளே ஊர்ந்து போய், நடுவில் மிச்சமிருந்த கொஞ்சம் இரும்பு ஒருநாள் தாங்காமல் விட்டுவிட்டது. அவர் சொன்ன மருந்து எளிமையானது. அந்த மூலையைச் செங்குத்தாக விடாதே, வளைவாக்கு.

வேலைக்காரன் கையில் உளி இருக்கிறது, மூலையைச் சுத்தமாக, கச்சிதமாக வெட்டியிருக்கிறான். பார்க்க அழகு. அந்தச் சுத்தம்தான் ஆளைக் கொன்றிருக்கிறது.

பிறகு பிரஷ்யாவில் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் 1850களின் பிற்பகுதியிலிருந்து 1870 வரை தண்டுகளை லட்சக்கணக்கான முறை சுழற்றிச் சுழற்றி, எவ்வளவு பாரத்தில் எத்தனை சுற்றுக்குப் பிறகு முறிகிறது என்று கணக்கெடுத்தார். கூர் மூலை உள்ள தண்டு குறைந்த பாரத்திலேயே முறிவதை அவரும் கண்டார். 1913இல் இங்கிலிஸ் என்ற ஆங்கிலேயர் அதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார். ஒரு தகட்டில் வட்ட ஓட்டை போட்டு இழுத்தால் ஓட்டையின் விளிம்பில் இழுவிசை மூன்று மடங்காகிறது. வட்டம் இல்லாமல் நீண்ட ஓட்டையாக இருந்து, அதன் முனை கூராகக் கூர்மையாக அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகும். இதெல்லாம் தெரிந்த பிறகும் இரண்டாம் உலகப் போரில் அவசரமாகக் கட்டிய அமெரிக்க லிபர்ட்டி கப்பல்கள் பலவற்றில் மேல்தளத் திறப்புகளின் சதுர மூலையிலிருந்துதான் விரிசல் விட்டது. படித்ததை மறப்பதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

சரி, தண்டில் உருண்ட மூலை வேண்டும். அதை வெட்டுவது எது? லேத்தில் பிடித்திருக்கும் டூல். டூலின் மூக்கு எந்த வடிவமோ அந்த வடிவம்தான் தண்டில் பதியும். ஆகவே டூலின் மூலை உருண்டிருக்க வேண்டும், அதுவும் கேட்ட அளவில். இங்கேதான் என் மாணவனின் பிக்சர் வேலைக்கு வருகிறது. ஆனால் அதற்குமுன் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர். தொழிலாளி பின்னால் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நின்றவர் என்று பலருக்கும் தெரியும். அவருடைய இன்னொரு முகம் இரும்பு வெட்டும் ஆராய்ச்சி. 1880இல் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கி 26 வருடம் செய்தார். 30,000க்கும் 50,000க்கும் இடையில் சோதனைகள்; எட்டு லட்சம் பவுண்டு இரும்பும் எஃகும் சுருள்சுருளாக வெட்டித் தள்ளப்பட்டன. நம் கணக்கில் 360 டன்னுக்கு மேல்! பெத்லகேம் ஆலையில் மான்செல் ஒயிட் என்பவரோடு சேர்ந்து அவர் கண்டுபிடித்த சூடு தாங்கும் எஃகு டூலை 1900 பாரீசு கண்காட்சியில் ஓட்டிக் காட்டினார்கள். டூலின் முனை சிவக்கச் சிவக்க வெட்டியதைப் பார்த்து ஐரோப்பியப் பொறியாளர்கள் வாயடைத்துப் போனார்கள். இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் "ஹெச்.எஸ்.எஸ்." என்று சொல்வது அந்த வம்சம்தான்.

1906 டிசம்பரில் தன் முடிவுகளை டெய்லர் வெளியிட்டார். டூலின் மூக்கு உருண்டிருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான ஒன்று. நேரான முனை என்றால் சீவல் முழுவதும் ஒரே தடிமனில் வரும். டூல் தாளம் போட்டு அதிர ஆரம்பித்துவிடும். உருண்ட மூக்கில் சீவல் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வரும். அதிர்வு சேர்ந்துகொள்ள வழியில்லை. மெல்லிய பக்கம்தான் முடிந்த பரப்பைத் தொடுகிறது, அங்கே சூடும் தேய்மானமும் குறைவு.

கணக்கு வாத்தியாராக இங்கே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். டூல் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்கிறதோ அதை வர்க்கம் பண்ணி, மூக்கு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் பரப்பில் நிற்கும் வரியின் உயரம் கிடைக்கும். 0.2 மி.மீ. நகர்வு, 0.4 மி.மீ. ஆரம் என்றால் 12.5 மைக்ரான். ஆரத்தை 0.8 ஆக்கினால் பாதி, 6.25 மைக்ரான். வேகத்தைக் குறைக்காமலேயே வழவழப்பு இரண்டு மடங்கு. வட்டத்தின் நாண் பாடம் எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்கு அப்போது இதைச் சொல்லத் தெரியாமல் போயிற்றே என்று இப்போது வருத்தம்.

ஆனால் டெய்லர் அதோடு நிற்கவில்லை. அதுவரை ஒவ்வொரு டர்னரும் தன் டூலைத் தானே சாணை பிடித்துக்கொள்வார். அவரவர் கைக்கு ஒரு கோணம், ஒரு வளைவு. டெய்லர் அதை நிறுத்தினார். டூல் ரூமில் மிஷின் தீட்டும், தொழிலாளி வாங்கிப் போட்டு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார். அளவு சரியாக வந்தது, உற்பத்தி ஏறியது. ஒரு கைவித்தை தொழிலாளியின் கையைவிட்டுப் போனதும் அப்போதுதான். 1911இல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்ச் வந்ததும் வார்ப்படத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றமே விசாரித்தது. அது சாணைக்காக நடந்த போராட்டம் இல்லை. ஆனாலும் வேர் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

இப்போது அந்தச் சாதனத்துக்கு வருவோம். தத்துவம் நம் கவராயம்தான், தலைகீழாக. கவராயத்தில் முள் நிற்கும், பென்சில் சுற்றும். இங்கே பென்சிலான சாணைச் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. தாளான கட்டர் அச்சின்மேல் திரும்புகிறது. 2 மி.மீ. ஆரம் வேண்டுமென்றால், அச்சின் மையத்திலிருந்து சக்கரத்தின் முகம் சரியாக 2 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். கட்டரின் முனையும் பக்கமும் மையத்தைத் தாண்டி அதே 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் இரண்டு ஸ்லைடுகள். பிறகு கைப்பிடியைப் பிடித்து மெதுவாக 90 பாகை திருப்பினால் மூலை கால்வட்டமாகிவிடும். இரண்டு பக்கமும் தடுப்பு வைத்திருக்கிறார்கள், அதற்குமேல் திரும்பாது. நான்கு பல் கட்டர் என்றால் ஒரு பல் முடிந்ததும் அடுத்த பல்லைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒரு சிறு விரல்போன்ற தாங்கியில் சாய்த்து, மறுபடியும். நான்கும் ஒரே அளவில் இல்லாவிட்டால் ஒரு பல் மட்டும் எல்லா வேலையையும் செய்து சீக்கிரம் தேய்ந்துபோகும். (கூட்டுக் குடும்பத்தில் பார்த்திருப்பீர்கள்.)

ஸ்லைடு கொஞ்சம் பிசகினாலும் தெரிந்துவிடும். வளைவும் நேர்கோடும் சேரும் இடத்தில் நகத்தால் தடவினால் ஒரு சிறு படி தட்டுப்படும். பையன் அப்படி ஒன்றை எனக்குத் தடவிக் காட்டினான். "இதை அனுப்புனா திரும்பி வந்துருமுங்க சார்."

நமக்குப் பெருமையான சேதி ஒன்று. அந்தச் சாணைச் சக்கரம் அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் அது கிடைக்கும்போது அதன் பெயர் ஆங்கிலத்தில் கொரண்டம். அந்தச் சொல் நம் 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கிரெவில் என்பவர் ஆசியாவிலிருந்து வந்த கொரண்டக் கல்லைப் பற்றி விரிவாக எழுதினார். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி பாறைகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். சாணைக்கல்லின் பெயரைக் கொடுத்த நாம் சாணைச் சக்கரத்தைப் பிறகு விலைக்கு வாங்கினோம்.

1926 வாக்கில் ஜெர்மனியில் குரூப் கம்பெனி 'விடியா' என்ற கார்பைடு கொண்டுவந்தது. வைரம்போல என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம். கடினம் அதிகம், ஆனால் உடையும் சுபாவம். அதில் கூர்மூலை வைத்தால் பொரிந்து போகும். ஆகவே உருண்ட மூலை இன்னும் அவசியமாயிற்று. இப்போது லேத்துகளில் மாட்டும் சிறு வில்லைகளின் எண்ணில் கடைசியில் 04, 08 என்று இருக்கும், 0.4, 0.8 மி.மீ. மூலை ஆரம் அது. தேய்ந்தால் திருப்பி மாட்டு, எல்லா மூலையும் தேய்ந்தால் தூக்கிப்போடு. சாணையே இல்லை. விலை அதிகமான முழுக் கட்டர்கள் மட்டும் இன்னும் என் மாணவனைத் தேடி வருகின்றன.

என் அலமாரி விஷயம்.

என் அப்பா ஒரு மில் ஒர்க்‌ஷாப்பில் டர்னர். டூலைக் கையாலேயே சாணை பிடிப்பார். நான் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன்: இரண்டு கையிலும் டூலைப் பிடித்து, இடுப்பை ஊன்றி, மணிக்கட்டை மட்டும் ஒரு வளைவு வளைப்பார். பொறி பறக்கும். பிறகு பையிலிருந்து விசிறிபோல விரியும் ரேடியஸ் கேஜை எடுத்து, டூலின் மூக்கில் வைத்து, பல்புக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். இடையில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் சாணை. இரண்டாம் முறை சாணை பிடித்து நான் பார்த்ததே இல்லை.

1970களின் கடைசியில் அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. சொல்லவில்லை. ஒருமுறை அவர் கடைந்த தண்டுகள் ஒரு கூடை திரும்பி வந்தன, மூலை வளைவு அளவில் இல்லை என்று. வெளிச்சம் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. லேத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை நான்கு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தார். வீட்டில் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கண் ஆபரேஷன் ஆன பிறகும் லேத்துக்குத் திரும்பக் கேட்கவில்லை.

டெய்லரைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் இந்த மேடை, இந்த இரண்டு ஸ்லைடு, அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒன்று இருந்திருந்தால் கண் மங்கினாலும் அப்பா டர்னராகவே ஓய்வு பெற்றிருப்பார். அளவுக் கோட்டைப் படித்துச் சொல்ல ஒரு பையன் போதும். அந்தப் பையனாக நானே போயிருப்பேன். இதையும் அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்றால், மாட்டார். "மிஷின் தீட்டின டூலை நான் தொடமாட்டேன்" என்றிருப்பார். எனக்குத் தெரியும் அவரை.

நேற்று மறுபடியும் கணபதிக்குப் போனேன். அப்பாவின் ரேடியஸ் கேஜைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. பையன் அப்போதுதான் முடித்திருந்த 2 மி.மீ. கட்டரின் மூலையில் அந்த 2 மி.மீ. இதழை வைத்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். எனக்கும் இப்போது கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரிவதில்லை. அவனிடம் கொடுத்தேன்.

"வெளிச்சம் வரலைங்க சார்" என்றான். பிறகு கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய கேஜு, தேயவே இல்லை. வெச்சுக்கட்டுங்களா சார்?" என்று கேட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.