சுவடி யாருடையது?

மாணவர்கள் தங்கள் கைபேசியையோ மடிக்கணினியையோ வகுப்புக்குக் கொண்டுவரலாமா என்ற விவாதம், நேற்று முளைத்த சிக்கலைப் பற்றிய பேச்சாகவே நடக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றைப் புரட்டினால் கேள்வி பழையது என்று தெரியும். எழுதும் கருவியும் எழுதிய பாடமும் பிள்ளையின் சொந்தமா, பள்ளிக்கூடத்தின் பொதுவா என்பதற்கு இந்த மண் கடந்த இருநூறு ஆண்டுகளில் பல விடைகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறது. கருவி பிள்ளையின் சொந்தமாக இருக்க வேண்டும், அதை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு பொதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் அவற்றில் நல்ல விடை என்பது என் துணிபு. அந்த விடையைத் தமிழ்நாடு ஒருமுறை கண்டெடுத்துவிட்டுப் பாதியிலேயே கைவிட்டதுதான் வருத்தம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதல் எழுத்து மணலில். வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் இழுத்துக் காட்டுவார். பிறகு பிள்ளை தானே எழுதி அழித்துப் பழகும். விரல் பழகிய பின்புதான் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஓலையில் எழுதுவது லேசான காரியமில்லை. இடக்கையில் ஓலையைப் பிடித்து, எழுத்தாணியின் முனையை இடக்கைப் பெருவிரல் நகத்தில் சார்த்தி, ஆணியை அதிகம் அசைக்காமல் ஓலையைச் சிறிது சிறிதாக நகர்த்திக் கீற வேண்டும். அழுத்தினால் ஓலை கிழியும். அழுத்தாவிட்டால் எழுத்து பதியாது. கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியையும் மஞ்சளையும் இலைச்சாற்றையும் தடவித் துடைத்தால் கீறலில் கருமை தங்கி எழுத்து துலங்கும். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தம் காலத்துப் பள்ளிக்கூடத்தை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். இங்கே நான் கவனிப்பது ஒன்றைத்தான்: சுவடி அந்தப் பிள்ளையினுடையது. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி என்று, ஒரு பாடம் மனப்பாடம் ஆன பின் அடுத்தது சேர்ந்து, அவரவர் வேகத்துக்கு ஏற்பச் சுவடி தடிக்கும். மாலையில் வீட்டுக்குப் போகும், காலையில் திரும்பி வரும். 'சொந்தக் கருவியோடு வகுப்புக்கு வருவது' என்று இன்று புதிய முறையாகப் பேசப்படுவது அன்று இங்கே வழக்கமாகவே இருந்தது.

இந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து வியந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதில் எதை எடுத்துக்கொண்டார் என்பது சுவையான செய்தி. 1789-ல் எழும்பூரில் தொடங்கிய ராணுவ ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் இல்லத்திலும் மணல் பரப்பினார். மூத்த பிள்ளையைக் கொண்டு இளையவருக்குப் பாடம் சொல்ல வைத்தார். நம் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஆனால் பெல் எடுத்துப் போனது மணலைத்தான்; ஓலையை இங்கேயே விட்டுவிட்டார். ஒரே தட்டு மணலில் நூறு பிள்ளைகள் மாறி மாறி எழுதலாம், செலவு இல்லை. அதே காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் மிஞ்சாது. எழுதியது அழிந்துவிடும், வீட்டுக்கு வருவது வெறுங்கை. பின்னாளில் பள்ளிக் கணினி ஆய்வகம் என்று ஓர் அறையைப் பூட்டி வைத்து, வாரத்துக்கு ஒரு மணி நேரம் திறந்துவிட்டதும் அடிப்படையில் இந்த மணல் தட்டுதான். பொதுக் கருவியில் பழகலாம். அதில் தனக்கென்று எதையும் சேர்த்து வைக்க முடியாது.

அதற்காகத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கி விடக் கூடாது. சென்னை மாகாணத்தின் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் மாவட்டந்தோறும் கணக்கெடுக்கச் சொன்னார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இவர்களில் பெண் பிள்ளைகள் 5,000-க்கும் குறைவு. ஒரு பிள்ளைக்கு மாதம் 4 அணா முதல் 8 அணா வரை சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-ல் எழுதிய அறிக்கையில், வறுமை பெருகப் பெருகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள் என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டார். சாதியால் திண்ணையேற முடியாதவர்களின் பிள்ளைகளுக்கோ மணலும் கிடையாது, ஓலையும் கிடையாது. 'வீட்டிலிருந்து கொண்டுவா' என்ற ஏற்பாட்டில் வீடு என்னவோ அதுதான் பள்ளியும். இன்று தனியார் பள்ளி ஒன்று 'டேப்லட் கொண்டுவர வேண்டும்' என்று சுற்றறிக்கை அனுப்பும்போது வந்து நிற்பதும் இதே இடம்தான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாடு இந்த முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்து வந்தது. முன்பு வீட்டார் வாங்கித் தந்த பொருள்கள் ஒவ்வொன்றாக அரசு தருவனவாக மாறின. பாடநூல், சீருடை, நோட்டுப் புத்தகம், புத்தகப் பை, பிறகு ஜாமெட்ரி பாக்ஸும் அட்லஸும்கூட. இவை அரசு கொடுத்தவை என்றாலும் பள்ளி அலமாரியில் இருப்பவை அல்ல. பிள்ளையின் பைக்குள் இருப்பவை, அட்டையில் பிள்ளையின் பெயர் எழுதியவை. அந்த வரிசையில் வந்ததுதான் மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் லேப்டாப் இலவசமாகக் கிடைத்தது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான கருவிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அது இரவல் பொருளாக வரவில்லை, திருப்பித் தர வேண்டியதில்லை. ஓலைச்சுவடிக்குப் பிறகு ஏழைப் பிள்ளைக்கு முழுக்கச் சொந்தமான பெரிய கற்றல் கருவி அதுதான் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

அதை விற்றுத் தின்றார்கள், சினிமா பார்த்தார்கள் என்பது இந்தத் திட்டத்தின் மீது வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு. விற்றவர்கள் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கருவி வீட்டுக்கு வந்ததே தவிர, அதை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாடம் நடத்தும் ஏற்பாடு அதனுடன் வரவில்லை. பாடநூலில் க்யூஆர் குறியீடு அச்சாகியதே 2018-ல்தான்; மடிக்கணினி வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின். பல மாணவர்களுக்கு அது பிளஸ் டூ முடித்த பிறகே கைக்கு வந்தது, சிலர் கேட்டுப் போராடவும் வேண்டியிருந்தது. சுவடியைக் கொடுத்துவிட்டு அதில் பாடம் எழுதாமல் விட்டால் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்?

2020 மார்ச்சில் கொரோனா நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது விட்ட குறை வெளிப்பட்டது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, அதில் பாடம் ஓடியது. கேள்வி கேட்கவும் எழுதிக் காட்டவும் வழியில்லை. ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை எனப்படும் அசர் (ASER) ஆய்வின்படி, இந்தியாவின் ஊரகங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் 2018-ல் 36.5 சதவீதம், 2020-ல் 61.8 சதவீதம், 2021-ல் 67.6 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021-ல் வீட்டில் போன் இருந்த பிள்ளைகளிலும் 26.1 சதவீதம் பேருக்கு அது கைக்கே கிடைக்கவில்லை. அது அப்பாவின் போன், வேலைக்குப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். வீட்டில் இருக்கும் கருவி வேறு, பிள்ளையினுடைய கருவி வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கவனச் சிதறல் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஓலையில் இருந்தது வாத்தியார் சொன்ன பாடம் மட்டும். கைபேசியில் கடைத்தெரு முழுக்க இருக்கிறது. யுனெஸ்கோவின் 2023 அறிக்கை இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னது. பிரான்ஸ் 2018-லேயே பள்ளிகளில் கைபேசிக்குச் சட்டப்படி தடை போட்டது. அசர் 2024 ஆய்வில் 14 முதல் 16 வயதுக்குள் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் 57 சதவீதம் பேர் முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டிருந்தார்கள். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். அச்சத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் எழுத்தாணியும் பிள்ளையின் கையில் கொடுக்கத் தயங்க வேண்டிய கூர்மையான இரும்புதான். திண்ணைப் பள்ளி அதைத் தடைசெய்யவில்லை. மணலில் விரல் பழகும்வரை கொடுக்காமல் வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் பள்ளிகளில் முழுத் தடை நடைமுறைக்கு ஒத்துவராது, பயன்பாட்டை ஒழுங்குபடுத்துங்கள் என்று நெறிமுறை வகுத்ததும் இந்தப் பழைய புத்திக்கு நெருக்கமானதே. தவிர, அரசு தரும் மடிக்கணினிக்கும் தந்தையின் கைபேசிக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் எது இருக்க வேண்டும் என்பதை வாங்கும்போதே கல்வித் துறை தீர்மானிக்கலாம். தானாக வந்து சேரும் கைபேசியில் அந்த வாய்ப்பு யாருக்கும் இல்லை.

நோய்த்தொற்றுக் காலத்தில் நின்றுபோன மடிக்கணினி வழங்கலுக்குப் பின், 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் எழுத்தாணி கைக்கு வர வேண்டிய வயது பள்ளி வயது. பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கருவி கிடைக்க வேண்டும். எந்தப் பாடவேளையில் அதைத் திறப்பது, எதில் மூடி வைப்பது என்பது ஆசிரியர் கையேட்டில் அதற்கு முன்பே அச்சாகியிருக்க வேண்டும்.